மேட்டு மரங்களை உப்பு தொடவில்லை

என் மகள் டாக்டர் பட்டத்துக்கான படிப்பை முடித்ததற்காக நான் வைத்த விருந்தைப் பற்றி போர்ட் பிளேரில் எங்கள் பகுதியான பத்துபஸ்தியில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் எனக்குப் பெருமையாக இருக்கும். அதை யாரும் பேசுவதில்லை. விருந்தின் நடுவில் நான் எழுந்து நின்று சொன்ன விஷயத்தைத்தான் பேசுகிறார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சொல்லி அது வேறு கதையாக மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் நானே உட்கார்ந்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். அதுவும் இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். ஒரே கூரையின் கீழ் ஐந்து வகுப்பும் நடக்கும். பத்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து கடைசியில் நிக்கோபாரில் இருக்கிற கட்சால் தீவில் இறங்கினோம். ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போகவில்லை. ஆனால் தமிழை விடவில்லை. சாமான் மடித்து வந்த பேப்பரைப் பிரித்து, ஈரம் காயவைத்து வாசிப்பேன். இந்தியைப் பேசிப் பேசியே பிடித்தேன். இன்றைக்கு எந்த ஆபீசிலும் எஞ்சினியர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரைபடத்தில் எந்தத் தூண் எங்கே தப்பாக இருக்கிறது என்று சொல்கிற ஆள் நான். இதை யாரும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

கான்ட்ராக்டர் ஆவதற்கு முன்னால் நான் பால்வெட்டுக்காரன். ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் சாய்வாகச் சீவினால் பால் வடிந்து சிரட்டையில் சேரும். விடியும் முன்னே வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். கத்தி மரக்கட்டையில் படக் கூடாது. ஒரு நாள் வெட்டினால் மறுநாள் அந்த மரத்துக்கு ஓய்வு. ஒரு பக்கம் வெட்டு நடக்கும்போது மறுபக்கத்தைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் தொழில். ஆனால் அதில் கை என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கை எனக்கு இருந்தது. மூன்று வருடம் தொடர்ந்து தோட்டத்திலேயே அதிகமாகப் பால் கொண்டுவந்தவன் என்று குடியரசு தினத்தன்று எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். இந்தக் கதையை என் வீட்டில் காபி குடித்த ஒருவரும் கேட்காமல் போனதில்லை.

பிறகு அந்த டிசம்பரில் சுனாமி அலை வந்தது. கட்சாலில் அது என்ன செய்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. கரையோரம் இருந்த முக்கால்வாசிப் பேரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மனைவியையும் பதினொரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தேன். முதல் வருடம் கட்டட வேலையில் சட்டி சுமந்தேன். மூன்றாம் வருடம் மேஸ்திரி. ஆறாம் வருடம் என் பெயரில் லைசென்ஸ். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மாடி வைத்த வீடு. அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர்வரை நானே நின்று கட்டியது. பூமி ஆடினாலும் விரிசல் விடாது.

மகள் மெயின்லேண்டில் விவசாயம் படித்தாள். திரும்பி வந்து இங்கேயே ஆராய்ச்சியில் சேர்ந்தாள். கடல்நீர் ஏறிய பிறகு கட்சால் ரப்பர் மரங்களுக்கு என்ன ஆனது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். அந்தத் தோட்டம் இப்போது பாதி காடாகிக் கிடக்கிறது. அங்கே கப்பலில் போவாள், வாரக்கணக்கில் தங்குவாள், மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு வருவாள். நான் டார்ச் லைட்டும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே என்ன எழுதுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டு, அவள் சொல்லி, எனக்குப் புரியாமல் போனால் என்ன செய்வது. அந்த வெட்கம்தான். அவளும் நீங்கள் எந்த மரத்தை வெட்டினீர்கள் என்று கேட்கவில்லை. அவளுக்கு நான் சிமெண்டும் கம்பியும்தான். அப்பா பரிசு வாங்கிய கதை அவளுக்கு மனப்பாடம். அதனாலேயே அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

வைவா என்கிற கடைசி வாய்த்தேர்வு முடிந்த அன்று மாலை, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள்.

"முடிஞ்சிருச்சுப்பா. பாஸ். சின்னச் சின்னத் திருத்தம் மட்டும் இருக்கு. ஒரு மாசத்துல திருத்தி பைண்ட் பண்ணிக் குடுத்தா பட்டம் வந்துரும்."

நான் அப்போதே சமையல்காரனுக்குப் போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் மொட்டை மாடியில் பந்தல். அவளுடைய ஆபீஸ் ஆட்கள் பதினைந்து பேர், பக்கத்து வீடுகள், பெரார்கஞ்சிலிருந்து என் மனைவியின் தம்பி குடும்பம். இந்த ஊரில் இந்த மாதிரி விருந்துக்கு எல்லா பாஷைக்காரர்களும் படா கானா, அதாவது பெரிய சாப்பாடு, என்றுதான் சொல்வார்கள். நான் படா கானா என்றால் அது படாவாக இருக்க வேண்டும். சுர்மை என்கிற வஞ்சிர மீன் வறுவல், இறால், கோழி பிரியாணி, சைவக்காரர்களுக்குத் தனியாக ஒரு வரிசை. அதோடு எங்கள் வீட்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருக்க வேண்டும் என்று மகள் சொன்னாள்.

"ஆபீஸ் ஆளுங்க முன்னால ரொட்டியும் சம்பலுமா" என்றாள் என் மனைவி. "சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்மா. அவுங்க எல்லாம் கட்சால்ல என்கூட மூணு வேளையும் அதைத்தான் தின்னாங்க."

வாசலில் பேனர் கட்டினேன். தமிழிலும் இந்தியிலும். மகள் படம் பெரிதாக, ஓரத்தில் என் படம். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, ஒங்க படம் எதுக்கு?" என்றாள். படிக்க வைத்தவன் படம் இல்லாமல் பேனர் எப்படி நிற்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பதினொரு மணிக்கு ஒரு மூட்டை பச்சரிசியோடு வந்து சேர்ந்தார். இப்போது பெரார்கஞ்சில் வயல் வைத்திருக்கிறார். கட்சாலில் என்னோடு பால் வெட்டியவர். ஆளுக்கு ஒரு பங்கு என்று மரங்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்; ஓடைக்கு இந்தப் பக்கம் என் மரங்கள், அந்தப் பக்கம் அவர் மரங்கள். நான் இரண்டு வாளி கொண்டுவரும்போது அவர் ஒன்று கொண்டுவருவார். அதையும் பாதி வழியில் வைத்துவிட்டு பீடி பற்ற வைப்பார்.

"என்னா மச்சான், பேனர்ல மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க" என்றார்.

"வயல்ல நாத்து நட ஆள் இல்லைன்னு தூங்கிட்டு இருப்பீங்கன்னு நினைச்சேன். வெள்ளனயே வந்துட்டீங்க."

"சாப்பாடுன்னா நான் எப்பவும் முன்னாடி. வேலைன்னாதான் நீங்க முன்னாடி."

ஒரு மணிக்கு ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் மகளுடைய கைடு மேடம். பெங்காலி, ஐம்பது வயதிருக்கும், சின்ன உருவம், கண்ணாடி. மகளோடு கட்சால் காட்டில் முட்டியளவு சேற்றில் நடந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனாலேயே அவர்மீது எனக்கு மரியாதை. கூடவே ஒரு மலையாளி, மண்ணைப் பரிசோதிக்கிற லேபில் இருப்பவர். தமிழ் நன்றாகப் பேசுவார். மேடம் இந்தியில் பேச, எனக்குப் பிடிபடாத வார்த்தையை அவர் தமிழில் சொல்வார் என்று எங்கள் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

நான் என் கதையைத் தொடங்கினேன். மூன்றாம் வகுப்பு, கப்பல், பால்வெட்டு, மூன்று வருடம் பரிசு. மேடம் ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"பாபுஜி, நீங்க கட்சால் தோட்டத்துல வெட்டுனவரா? இவ சொல்லவே இல்லியே" என்று இந்தியில் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து விரலை ஆட்டினார். "இவ்வளவு பெரிய ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு நாம காட்டுல யார் யாரையோ தேடி அலைஞ்சோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் குரலை உயர்த்தி, அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என் மகள் என்ன கண்டுபிடித்தாள் என்று சொல்லத் தொடங்கினார். தாழ்ந்த இடத்தில் இருந்த மரங்கள் உப்பால் செத்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் மகள் கரையிலிருந்து மேடு உச்சிவரை ஒரே நேர்கோட்டில் மரம் மரமாகக் கீறிப் பார்த்திருக்கிறாள். அலை ஏறாத மேட்டிலும் மரங்கள் உயிரோடு இருந்தும் பால் காய்ந்து நின்றன. கீறினால் பால் வரவில்லை. உப்பு மண்ணுக்கு அடியில் ஊர்ந்து மேடுவரை போயிருக்கிறது என்று அவள் எழுதியிருக்கிறாள். இதுவரை யாரும் இதைச் சொன்னதில்லையாம். தேர்வுக்கு வந்தவர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் புகழ்ந்தார்களாம்.

"ஒருத்தர் மட்டும் மடக்குனாரு அங்கிள்" என்றார் மலையாளி. "மேட்டு மண்ணுல இப்ப உப்பே இல்லியே, எப்படின்னு கேட்டாரு. இத்தனை வருஷ மழை கழுவிருச்சுன்னு இவ பதில் சொன்னா. அப்புறம் அவரும் ஒத்துக்கிட்டாரு."

என் மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் மட்டும் கையில் இருந்த இறாலைத் தட்டிலேயே வைத்தேன்.

"எந்த மேடு?" என்று மகளிடம் கேட்டேன்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கே, அதுப்பா. ஓடைக்கு இந்தாண்ட."

மச்சான் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலை எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்தேன். மச்சானும் பின்னாலேயே வந்தார். தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் சமையல் பாத்திரங்கள் குவிந்த இடத்தில் நின்றோம்.

"மச்சான், வாயைத் தொறக்காதீங்க" என்றார்.

"அது என் மரம்."

"ஒங்க மரந்தான். தெரியும். அந்த மேட்டுல நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரிய வேணாம். புள்ள பாஸாயிருச்சு. பேனர் கட்டியாச்சு. இப்ப போயி என்னாத்துக்கு?"

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று வருடமும் நான் முதலில் வந்தது கையின் திறமையால் மட்டும் இல்லை. ஓய்வு நாளிலும் வெட்டினேன். மேற்பார்வைக்கு வருபவர்கள் ஏறாத மேட்டு மரங்களில் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் வெட்டினேன். மழைநாளில் பால் கரைந்து போகும் என்று தெரிந்தும் வெட்டினேன். ஆழமாகப் போட்டேன், கத்தி கட்டையில் பட்டாலும் நிறுத்தவில்லை. இரண்டாம் வருடமே சில மரங்களில் பட்டை தடித்து, கறுத்து, ஓட்டம் நின்றது. மூன்றாம் வருட முடிவில் மேட்டில் கிட்டத்தட்ட எல்லாமே காய்ந்தது. அந்தப் பரிசுக்காகத்தான் செய்தேன். மூன்றாம் வகுப்புக்காரனை எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அடுத்த வருடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அலை வந்தது. அதற்குப் பிறகு யாரும் மேட்டு மரங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

"சொன்னா ஒங்க மூணு வருஷமும் போச்சு" என்றார் மச்சான். "புள்ளையோட அத்தியாயமும் போச்சு. ரெண்டும் ஒண்ணா போகும்."

அவர் சொன்னது சரிதான். நான் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆள். ஆனால் கட்டட வேலையில் எனக்கு ஒரு விஷயம் தெரியும். அஸ்திவாரத்தில் மணல் கூடிவிட்டது என்று தெரிந்த பிறகு மேலே சுவர் எழுப்புகிறவன் மேஸ்திரி இல்லை. அவளுடைய புத்தகத்தை வைத்து நாளைக்கு இன்னொரு பிள்ளை எழுதும். மேடுவரை உப்பு வரும் என்று நம்பி எவனாவது நல்ல மண்ணில் மரம் வைக்காமல் விடுவான். எல்லாவற்றுக்கும் அடியில் என் கத்தி இருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கடல் எங்களிடமிருந்து எடுத்தது போதும். அது செய்யாததை அதன் தலையில் கட்டி நான் நல்லவனாக நிற்க வேண்டியதில்லை.

"மச்சான், பட்டம் வர்றதுக்கு முன்னாடி சொன்னா திருத்தம். வந்ததுக்குப் பிறகு சொன்னா அசிங்கம்" என்றேன். "ஒரு மாசம் இருக்கு."

"ஒங்கள நிறுத்த ஏலாது" என்று பீடியைத் தேடினார்.

பந்தலுக்குத் திரும்பி வந்து மகளுக்கு எதிரில் நின்றேன். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே, மேடத்துக்கும் புரியட்டும் என்று இந்தியில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன்.

"அந்த மேட்டு மரத்தை உப்பு தொடலை. அது என் பங்கு மரம். அலை வர்றதுக்கு முன்னாடியே காஞ்சிருச்சு. நான் வெட்டிக் காய வச்சேன்."

யாரோ நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

"என்னா சொல்றீங்க?"

சொன்னேன். எழுதியதைவிடச் சுருக்கமாக, ஆனால் எதையும் விடாமல் சொன்னேன். மலையாளி மேடத்தின் காதோரம் மொழிபெயர்த்தார். மேடம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பக்கமும் வெட்டு இருந்துச்சு" என்றாள் மகள், யாரையும் பார்க்காமல். "நான் நோட் பண்ணேன். ஒரு பக்கம் முடிஞ்ச பிறகு மறுபக்கம் மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன். மொறைப்படி அப்படித்தானே."

"மொறைப்படி வெட்டல."

"ரொம்ப ஆழமா இருந்த தழும்பு?"

"அதுவும் நான்தான்."

அவள் முகம் சிவந்தது. எனக்குத் தெரிந்து அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஆனால் அந்தத் தாழ்ந்த குரலை நான் மறக்க மாட்டேன்.

"அஞ்சு வருஷம்ப்பா. அஞ்சு வருஷமா நான் அந்த மேட்டுல ஏறி எறங்குனேன். சாப்பிடும்போது எத்தனை தடவை பரிசு வாங்குன கதையைச் சொன்னீங்க. இதைச் சொல்ல வாய் வரலியா?"

"நீ எந்த மேடுன்னு சொன்னதே இல்லியே."

"நீங்க கேட்டதே இல்லியே."

இரண்டும் உண்மை.

என் மனைவி நடுவில் வந்தாள். "ஏங்க, இன்னிக்குத்தானா இது? சோத்துல மண்ணைப் போடுற மாதிரி. மேடம், இவரு ஏதோ பழைய நெனப்புல பேசுறாரு, மனசுல வச்சுக்காதீங்க."

"நான் நெனப்போடதான் பேசுறேன்" என்றேன். "இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் தெளிவாப் பேசுறேன்."

மேடம் என் மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு என் மகளிடம் இந்தியில் மெல்லச் சொன்னார். இது சின்னத் திருத்தம் இல்லை, அந்த அத்தியாயம் நிற்காது, தேர்வாளர்களுக்கு நாமே எழுத வேண்டும், பட்டம் தள்ளிப் போகும். எவ்வளவு தள்ளிப் போகும் என்று மகள் கேட்டாள். தெரியாது என்றார். விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். பாயசத்தில் ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

மகள் எழுந்து கீழே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் சுருட்டிய வரைபடத்தோடு திரும்பி வந்தாள். மேசையில் இருந்த மீன் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு விரித்தாள்.

"காட்டுங்க" என்றாள். "ஒங்க பங்கு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?"

கட்டட வரைபடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இது வேறு. கோடு கோடாக மேடு பள்ளம் போட்டிருந்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிடிபடவில்லை. மச்சான் எழுந்து வந்து காகிதத்தை என் பக்கம் கடல் இருக்கிற மாதிரி திருப்பி வைத்தார்.

"இப்ப பாருங்க மச்சான். காலையில வாளியோட நிக்கிறீங்க. முதுகுக்குப் பின்னால கடல். தொட்டி எந்தப் பக்கம்?"

உடனே தெரிந்தது. விரலால் ஓடையைத் தொட்டேன், தொட்டியைத் தொட்டேன், என் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் காட்டினேன். அவள் கோடு போட்டுப் புள்ளி வைத்திருந்த மேட்டு மரங்கள் எல்லாம், ஒன்று விடாமல், என் பங்குக்குள் விழுந்தன. அவள் பேனாவால் அதைச் சுற்றி வளைத்தாள்.

"ஓடைக்கு அந்தாண்ட யாரு?" என்றாள்.

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டார்.

"நான்தான் தாயி."

"அதே மேடுதானே மாமா? அதே ஒசரம்?"

"அதே மேடுதான். நடுவுல ஓடை மட்டும்."

"நீங்க எத்தனை நாள் வெட்டுனீங்க? பொய் சொல்லாதீங்க."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு பக்கம் மட்டும். மழைன்னா லயத்து வீட்டுலயே படுத்துக்குவேன்." என்னைப் பார்த்தார். "ஒங்கப்பா என்னை வருஷம் முழுக்க சோம்பேறின்னு சொல்லுவாரு."

மகள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஏற்கெனவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் மீது குனிந்திருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்து மரங்களில் பால் வந்தால் உப்பு மேடு ஏறவில்லை என்பது உறுதியாகும். வராவிட்டால் என் மகள் எழுதியதே சரியாக இருக்கலாம். ஓடையைத் தாண்டி யாரும் ஒரு மரத்தைக்கூடக் கீறிப் பார்த்ததில்லை.

"அடுத்த கப்பல் எப்ப?" என்று மேடம் கேட்டார். மலையாளி போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"ஒங்க முட்டிக்கு அந்த மேடு ஏறாது" என்றாள் மனைவி.

"வர்றேன்னா வர்றேன்."

மகள் அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சானுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை. கைடு மேடம் கிளம்பும்போது படி இறங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார், நிறைய விருந்துக்குப் போயிருக்கிறேன் பாபுஜி, எழுந்து வேலைக்குக் கிளம்பிய விருந்து இதுதான் என்று. கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே நான் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கப்பல் கிடைத்தது. மகள், மலையாளி, மச்சான், நான். கப்பலில் அவள் என்னோடு அளவாகத்தான் பேசினாள். கட்சாலில் இறங்கியதும் நான் கரைப் பக்கம் பார்க்காமல் நேராகத் தோட்டத்துக்கு நடந்தேன். மேட்டில் கொடியும் முள்ளும் இடுப்பு உயரம். மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். எழுந்தேன். என்னைத் தூக்கிவிட யாரையும் விடவில்லை.

முதலில் என் மரங்கள். பட்டையில் முடிச்சு முடிச்சாகத் தடிப்பு, இரண்டு பக்கமும். பார்த்தவுடனே என் கையை நானே அடையாளம் கண்டுகொண்டேன். மகள் கத்தியை மலையாளியிடம் கொடுக்கப் போனாள். நான் கை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

வெட்டினேன். இருபது வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. மெல்லிய சுருளாகப் பட்டை வந்து விழுந்தது. காத்திருந்தோம். ஒரு சொட்டு இல்லை. அடுத்தது, அடுத்தது. சிலவற்றில் ஈரம் கசிந்தது, அவ்வளவுதான். அவள் ஒவ்வொன்றையும் எழுதினாள்.

ஓடையைத் தாண்டினோம். மச்சானின் முதல் மரம் என் மரங்களைவிடப் பருத்து நின்றது. அதே உயரத்தில், அதே சாய்வில், அதே ஆழத்தில் வெட்டினேன். வெட்டுவாயில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாய்த் திரண்டு, கோடாகச் சேர்ந்து ஓடியது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் கீழே சிரட்டையைப் பிடித்துக்கொண்டு, அது நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலைக்குப் பிறகு கட்சால் மேட்டு மண் நல்ல மண்ணாகவே இருந்தது என்பது அவளுடைய புது அத்தியாயம். பட்டம் ஏழு மாதம் தள்ளி வந்தது. அதற்கு நான் விருந்து வைக்கவில்லை, ஆபீசில் கேக் வெட்டினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள், போனேன்.

ஆனால் அன்றைக்கு மேட்டில், அவள் நோட்டில் இரண்டு பத்தி பிரித்து எழுதிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்.

"ஓடைக்கு இந்தாண்டையும் அந்தாண்டையும் இன்னிக்கு வெட்டுனது ஒரே கைதான்னு எழுதிக்க. இல்லாட்டி ஆள் மாறுனதால பால் வந்துச்சுன்னு நாளைக்கு எவனாவது மடக்குவான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். விருந்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"வெட்டுனவரு பேரு போடவா, பால்வெட்டுத் தொழிலாளின்னு போடவா?"

"பேரே போடு" என்றேன். "பேரு போட்டு, என்ன செஞ்சேன்னும் போடு."

அவள் எழுதி முடிக்கும்வரை நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இன்னும் பதினெட்டு மரம் பாக்கி இருந்தது.